தொடக்கப் பள்ளி வகுப்பறையில் ஒரு வாரம்: திட்டமிடுவதும் நடத்துவதும்

தொடக்க வகுப்புகளுக்கான பாடக்குறிப்பு பெரும்பாலும் நாள்வாரியாகவே எழுதப்படுகிறது. திங்களுக்கு ஒரு பக்கம், செவ்வாய்க்கு ஒரு பக்கம் என எழுதி முடித்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் நிறைவாகவே தோன்றும். ஆனால் திங்களன்று ஒரு குழந்தை புரிந்துகொண்ட கணக்கு வியாழனன்றும் அதன் நினைவில் இருக்குமா என்ற கேள்விக்கு அந்தப் பக்கங்களில் விடை இருப்பதில்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று அளந்து 1885-ஆம் ஆண்டு வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களில் மிக வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது என்பதும் அவருடைய முடிவுகள். பின்வந்த ஆய்வுகளும் இவற்றை உறுதிப்படுத்தியுள்ளன. ஆகவே திட்டமிடும்போது நாளை அல்ல, வாரத்தையே ஓர் அலகாகக் கொள்ளுங்கள். திங்களன்று அறிமுகமாகும் ஒன்று, வெள்ளிக்குள் குறைந்தது மூன்று முறையாவது வேறு வேறு வடிவில் குழந்தையின் முன் வர வேண்டும். இந்த வழிகாட்டி அதற்கான ஒரு முறையை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் மூன்றாம் வகுப்பை மனத்தில் கொண்டவை. மற்ற வகுப்புகளுக்குப் பாடப்பொருளை மாற்றிக்கொண்டால் போதும்.

வெள்ளியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

வாரத் திட்டத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குவது நல்லது. வாரம் முடியும்போது குழந்தை எதைத் தானாகச் செய்ய வேண்டும் என்பதை, கணிதத்தில் ஒன்று, மொழியில் ஒன்று, சூழ்நிலையியலில் ஒன்று என மூன்று வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள். "கழித்தல் கற்பித்தல்" என்று எழுதினால் அது ஆசிரியரின் வேலையைச் சொல்கிறதே தவிர, குழந்தையின் கற்றலைச் சொல்வதில்லை. "ஈரிலக்க எண்களைப் பத்தைப் பிரித்துக் கழித்து, கிடைத்த விடையைக் கூட்டிப் பார்த்துத் தானே சரிபார்ப்பாள்" என்று எழுதினால், வெள்ளியன்று எதைப் பார்த்தால் கற்றல் நடந்திருக்கிறது என்று தெரியும் என்பது அந்த வாக்கியத்திலேயே அடங்கிவிடுகிறது. மொழியில், "தான் கவனித்த ஒரு பொருளைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் வரிசை குலையாமல் எழுதுவான்" என்பது போதுமானது. இந்த மூன்றைத் தாண்டி நான்காவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால், அதை அடுத்த வாரத்திற்குத் தள்ளிவைப்பதே குழந்தைகளுக்கு நன்மை.

அட்டவணையை நிரப்பும்போது புதன்கிழமை ஒரு பாடவேளையையும் வியாழக்கிழமை ஒரு பாடவேளையையும் வேண்டுமென்றே காலியாக விடுங்கள். முதல் இரண்டு நாட்களில் புரியாதவை மீண்டும் வந்து நிற்கப்போவது அந்த இடத்தில்தான். காலியிடம் இல்லாத திட்டத்தில், புரியாத குழந்தைக்காக நிற்க நேரம் இருக்காது. பாடம் நகரும், குழந்தை அங்கேயே நின்றுவிடும்.

வாரம் முழுவதற்கும் ஒரே கருப்பொருளை எடுத்துக்கொண்டு, கணிதம் முதல் ஓவியம் வரை எல்லாவற்றையும் அதனுள் அடக்க வேண்டும் என்று சிலர் வலியுறுத்துவதுண்டு. பொருத்தம் இயல்பாக அமையும் இடத்தில் அது மிகவும் பயனுள்ளது. ஆனால் விதையைப் பற்றிய வாரம் என்பதற்காகக் கழித்தல் கணக்கு ஒவ்வொன்றிலும் விதையைக் கொண்டுவந்தால் குழந்தையின் கவனம் எண்ணைவிட்டு விதைக்குப் போகும். கருப்பொருளால் எந்தப் பாடம் தெளிவு பெறுகிறதோ அதில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வாரம் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

திங்கள் காலை வகுப்பறைக்குள் நுழைந்த பின் பொருள் தேடினால் அந்த நாளின் சிறந்த அரைமணி நேரம் போய்விடும். ஐஸ் குச்சிகளையோ ஒரே நீளமுள்ள வேறு குச்சிகளையோ பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, குழுவுக்கு ஆறு கட்டுகளும் சில தனிக் குச்சிகளும் கிடைக்குமாறு உறைகளில் போட்டு வையுங்கள். முளைக்கவிடும் சோதனைக்கான அவரை விதைகளை முந்தைய இரவே நீரில் ஊறவையுங்கள். சிலவற்றை மட்டும் ஊறவைக்காமல் தனியே எடுத்து வையுங்கள். அகன்ற கண்ணாடிப் பாட்டில்கள் சில, உறிஞ்சும் தாள், ஒவ்வொரு குழந்தையின் பெயரும் எழுதிய அட்டைத் துண்டுகள் ஆகியவையும் வேண்டும். பெயர் அட்டைகள் எதற்கு என்பது பின்னால் வரும்.

திங்கள்: சோதிக்கும் கணக்கும் ஊறிய விதையும்

புதிய பாடத்தை உடனே தொடங்காமல், குழந்தைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு ஒரே ஒரு கணக்கு போதும், ஆனால் அதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். 52 - 28 என்று கரும்பலகையில் எழுதி, பேசாமல் தனியே செய்யச் சொல்லுங்கள். சரியான விடை 24. சில குழந்தைகள் 36 என்று எழுதுவார்கள். 2-இலிருந்து 8 போகாது என்பதால் எண்களைத் தலைகீழாக்கி, 8-இலிருந்து 2-ஐக் கழித்தவர்கள் இவர்கள். சிலர் 34 என்று எழுதுவார்கள்; இவர்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி 12-இலிருந்து 8-ஐச் சரியாகவே கழித்திருக்கிறார்கள், ஆனால் ஐந்து பத்துகளில் ஒன்று குறைந்துவிட்டது என்பதை மறந்துவிட்டார்கள். முதல் குழந்தைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாம் குழந்தைக்குப் பிடிபட்டிருக்கிறது, எழுதும் முறையில்தான் தடுமாற்றம். இருவருக்கும் தர வேண்டிய உதவி வேறு.

இதே இடத்தில் 52 - 27 என்று கொடுத்திருந்தால், தலைகீழாகக் கழித்தவரும் 35 என்றே எழுதுவார், பத்தைக் குறைக்க மறந்தவரும் 35 என்றே எழுதுவார். ஒன்றின் இட எண்களுக்கிடையே வேறுபாடு சரியாக ஐந்தாக இருக்கும்போது இரு பிழைகளும் ஒரே விடையில் போய் மறைந்துகொள்ளும். ஆகவே சோதிக்கும் கணக்கில் அந்த வேறுபாடு ஐந்தாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டுகளைத் திருத்தும்போது தவறுக்குச் சிவப்புக் கோடு மட்டும் போட்டுவிட்டு நகராமல், 36 எழுதியவர், 34 எழுதியவர், மற்றவர் என்று மூன்று பட்டியலாகப் பெயர்களை எழுதிக்கொண்டால், வாரத்தின் குழுப்பிரிப்பு அங்கேயே முடிந்துவிடும்.

பிற்பகலில் விதைச் சோதனை. உறிஞ்சும் தாளைச் சுருட்டி, கண்ணாடிப் பாட்டிலின் உட்சுவரோடு ஒட்டுமாறு வைத்து நனைக்கச் சொல்லுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஊறிய விதைகளைச் செருக வேண்டும். ஒன்றை நிமிர்த்தியும், ஒன்றைக் கவிழ்த்தும், ஒன்றைப் படுக்கையாகவும் வைப்பதில்தான் இந்தச் செயல்பாட்டின் உயிர் இருக்கிறது. இன்னொரு பாட்டிலில் உலர்ந்த தாளில் உலர்ந்த விதை. மூன்றாவது பாட்டிலில் ஈரம் உண்டு, ஆனால் அது இருட்டான அலமாரிக்குள் இருக்கும். எது முளைக்கும், வேர் எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு குழந்தையும் தன் நோட்டில் தேதியிட்டு எழுதிய பிறகே பாட்டில்களைச் சன்னலோரம் வைக்க அனுமதியுங்கள். முன்கூட்டியே எழுதாத குழந்தை, விடை தெரிந்த பின் "எனக்கு முன்னமே தெரியும்" என்று நம்பத் தொடங்கிவிடும். எழுதிய குழந்தைதான் தன் எண்ணத்தைக் கண்ணால் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

செவ்வாய்: கையால் செய்து, படமாக வரைந்து, எண்ணாக எழுதுதல்

குழந்தை ஒரு கருத்தை முதலில் செயலாகவும், அடுத்து உருவமாகவும், பின்னர் குறியீடாகவும் உள்வாங்குகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் விளக்கினார். தொடக்க வகுப்புக் கணிதத்தில் இதைவிடப் பயன்படும் கொள்கை குறைவு. குச்சிக் கட்டுகளை எடுத்து, ஐந்து கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். இதிலிருந்து 28 குச்சிகளைத் தர வேண்டும் என்று கேட்டால், குழந்தைகள் இரண்டு கட்டுகளை எளிதாக எடுத்துத் தருவார்கள். எட்டுத் தனிக் குச்சிகளுக்கு வரும்போது கை நின்றுவிடும். அந்த இடத்தில் எதுவும் சொல்லாதீர்கள். குழுவில் யாரேனும் ஒருவர் ஒரு கட்டின் ரப்பர் வளையத்தை உருவுவார். உருவியதும், "இப்போது கட்டுகள் எத்தனை, தனிக் குச்சிகள் எத்தனை, மொத்தம் மாறியதா?" என்று கேளுங்கள். இரண்டு கட்டுகளைத் தந்துவிட்ட நிலையில் மீதியிருந்த மூன்று கட்டுகள் இரண்டாகும், தனிக் குச்சிகள் பன்னிரண்டாகும், கையிலிருக்கும் மொத்தம் 32 மாறாது. கடன் வாங்குவது என்று நாம் வாயால் சொல்லும் செயலில் யாரும் எதையும் கடன் வாங்கவில்லை, ஒரு பத்து பத்து ஒன்றுகளாகப் பிரிந்தது, அவ்வளவுதான் என்பதை அந்தக் குழந்தை கையாலேயே அறிந்துகொள்கிறது.

இதைச் செய்த பின் குச்சிகளை ஒதுக்கிவிட்டு, கட்டை நெடுங்கோடாகவும் தனிக் குச்சியைப் புள்ளியாகவும் வரைந்து அதே கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். எண்களை மட்டும் எழுதிச் செய்வது அதற்கும் பிறகு. எழுதும்போது ஒன்றின் இடத்திலிருந்துதான் தொடங்குகிறோம் என்பதையும், குச்சியில் பெரும்பாலோர் கட்டிலிருந்து தொடங்கினார்கள் என்பதையும் குழந்தைகளே கவனித்துக் கேட்டால், அந்தக் கேள்விக்கு நேரம் கொடுங்கள்.

பொருட்களைக் கையில் கொடுக்கும் முன்பே அறிவுரைகளைச் சொல்லி முடித்துவிட வேண்டும். குச்சிகள் கைக்கு வந்துவிட்டால் எந்தக் குழந்தையின் காதும் ஆசிரியர் பக்கம் இருக்காது. அது இயல்பு, அதற்காகக் கண்டிப்பது வீண்.

செவ்வாய் மொழிப் பாடவேளையில், விதை முளைப்பதைப் பற்றிய எளிய உரைப் பகுதி ஒன்றை முதலில் ஆசிரியர் நிறுத்தக்குறிகளில் நின்று வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு இணைகளாகக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் வாசிக்கலாம். ஒரு பக்கத்தில் ஐந்துக்கு மேற்பட்ட சொற்களில் தடுமாறும் குழந்தைக்கு அந்தப் பகுதி இன்னும் கடினம் என்று பொருள். அதே செய்தியைக் குறைந்த சொற்களில் எழுதிக் கொடுங்கள். மொத்த வகுப்பின் முன் நிறுத்தித் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்காதீர்கள். வாசிப்பின் மீது குழந்தைக்கு ஏற்படும் அச்சம் அங்கேதான் வேர்விடுகிறது.

கேள்வி கேட்கும் முறை

இது ஒரு நாளுக்குரியது அல்ல, வாரம் முழுவதற்கும் பொருந்துவது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அந்த இடைவெளியை மூன்று விநாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையின்றி நிற்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி என்பது கேட்பதற்குச் சிறியது. நாற்பது குழந்தைகளின் முன் மௌனமாக நிற்கும் ஆசிரியருக்கு அது மிக நீண்டது. மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள்.

கை உயர்த்துபவர்களை மட்டும் கேட்டால் வாரம் முழுவதும் ஆறேழு குழந்தைகளின் குரல்தான் ஒலிக்கும். பெயர் அட்டைகள் இதற்காகத்தான். கேள்வியை முதலில் கேட்டு, காத்திருந்து, அதன் பிறகே ஓர் அட்டையை எடுக்க வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்டால் மற்ற அனைவரும் சிந்திப்பதை நிறுத்திவிடுவார்கள். கடினமான கேள்வி என்றால், அட்டை எடுக்கும் முன் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசிக்கொள்ள விடுங்கள். சொல்லப்போகும் விடையை ஒருமுறை சொல்லிப் பார்த்த குழந்தை, பொதுவில் சொல்ல அஞ்சாது.

புதன்: குழுக்கள் பிரியும் நாள்

காலியாக விட்ட பாடவேளை இப்போது பயன்படும். திங்களன்று 36 எழுதிய குழந்தைகள் ஆசிரியரோடு தரையில் அமர்ந்து மீண்டும் குச்சிகளோடு வேலை செய்யட்டும். 34 எழுதியவர்கள் பத்தின் இட எண்ணை அடித்து மாற்றி எழுதும் பழக்கத்தை இணைகளாகப் பயிலட்டும். ஒருவர் செய்ய, மற்றவர் அடுத்து என்ன என்று வாயால் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சரியாகச் செய்தவர்களுக்கு அதே வகையில் இன்னும் இருபது கணக்கு கொடுப்பது அவர்களுடைய திறமைக்குத் தண்டனை கொடுப்பதாகும். அவர்களிடம், விடை 24 வருமாறும் பத்தைப் பிரிக்க வேண்டியிருக்குமாறும் எத்தனை கழித்தல் கணக்குகள் அமைக்க முடியும் என்று கேளுங்கள். அரைமணி நேரம் அவர்கள் தலை நிமிராமல் வேலை செய்வார்கள்.

இந்தக் குழுக்களுக்கு நிலையான பெயர் எதையும் சூட்டாதீர்கள். இன்றைய குழு இன்றைய பிழைக்கானது. அடுத்த வாரம் கலைந்துவிடும். "மெல்லக் கற்கும் மேசை" என்று ஒன்று வகுப்பில் உருவாகிவிட்டால், அதில் அமரும் குழந்தை தன்னைப் பற்றி அந்தப் பெயரையே நம்பிவிடும்.

புதன் மாலைக்குள் ஊறவைத்த விதைகள் சிலவற்றில் வேர் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கக்கூடும். எட்டிப்பார்க்காவிட்டாலும் கவலை வேண்டாம்; வெப்பநிலையைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின் ஆகும். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் படம் வரைந்து, தேதியும் ஒரு வாக்கியமும் எழுதுவது மட்டும் தவறக்கூடாது. மாற்றம் இல்லாத நாளில் "மாற்றம் இல்லை" என்று எழுதுவதும் ஒரு பதிவுதான் என்று சொல்லிக் கொடுங்கள்.

நடு வாரத்தில் குழந்தைகள் சோர்வடைவது கண்கூடு. உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்கு முடிக்க எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஓடி ஆடித் திரும்பிய குழந்தை அடுத்த பாடவேளையில் நன்றாகவே அமரும்.

வியாழன்: எழுத்து

மூன்று நாள் வரைந்ததும் பேசியதும் வாசித்ததும் இப்போது எழுத்தாக வேண்டும். "விதையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுக" என்று நேரடியாகச் சொன்னால் பெரும்பாலான நோட்டுகளில் பாடநூல் வரிகள்தான் வரும். முதலில் நோட்டில் உள்ள மூன்று நாள் படங்களையும் பக்கத்தில் இருப்பவருக்கு விரல் வைத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். வாயால் வரிசையாகச் சொல்ல முடிந்தவருக்கு எழுதுவது பாதி முடிந்துவிட்டது. முதலில், பிறகு, மறுநாள், ஆனால், அதனால் ஆகிய ஐந்து இணைப்புச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் வாக்கியங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

சொல்வதை எழுதும் பயிற்சிக்கும் இந்த வாரச் சொற்களையே எடுங்கள்: முளை, வேர், உறை, ஈரம், நிழல், வெளிச்சம். ரகர றகரமும், லகர ளகர ழகரமும் இந்த ஆறு சொற்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. தான் கண்டும் வரைந்தும் பேசியும் பழகிய பொருளின் பெயரைக் குழந்தை பிழையின்றி நினைவில் வைக்கும். தவறாக எழுதிய சொல்லைப் பத்து முறை எழுத வைப்பதைவிட, அடுத்த நாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை, பாராமல் எழுத வைப்பதே மேல்.

கணிதத்தில் இன்று 60 - 34 போன்ற, பூச்சியத்தில் முடியும் எண்களுக்குச் செல்லலாம். பூச்சியத்திலிருந்து எதுவும் போகாது என்று 30 எழுதுபவர் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு மீண்டும் குச்சிகள்.

வெள்ளி: நினைவிலிருந்து எடுத்தல்

வெள்ளியன்று மதிப்பெண் தேர்வு வைத்து வாரத்தை அச்சத்தில் முடிப்பது தேவையில்லை. ஆனால் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது கட்டாயம் வேண்டும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். குழந்தைகளுக்கும் இந்தப் பயிற்சி பலன் தருகிறது. நோட்டை மூடிவிட்டு, இந்த வாரம் கற்றவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதவோ வரையவோ சொல்லுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். மதிப்பெண் வேண்டாம்.

அதன் பிறகு மூன்றே கணக்குகள்: ஒன்று பத்தைப் பிரிக்கத் தேவையில்லாதது, ஒன்று பிரிக்க வேண்டியது, ஒன்று பூச்சியத்தில் முடியும் எண். முதல் கணக்கு மிக முக்கியம். பிரிக்கத் தேவையில்லாத இடத்திலும் பழக்கத்தால் பத்தைப் பிரிக்கும் குழந்தை, முறையைக் கற்றிருக்கிறது, காரணத்தைக் கற்கவில்லை.

பாட்டில்களைச் சுற்றி அமர்ந்து, திங்களன்று எழுதிய ஊகங்களைத் திறக்கச் செய்யுங்கள். எந்தப் பக்கமாக வைத்த விதையானாலும் வேர் கீழ்நோக்கியே வளைந்திருக்கும். அலமாரியின் இருட்டில் வைத்ததும் முளைத்திருக்கும். வெளிச்சம் இல்லாமல் முளைக்காது என்று எழுதிய குழந்தைகள் வியப்போடு காரணம் கேட்பார்கள். முளைப்பதற்கான உணவு விதையின் பருத்த பருப்புகளிலேயே இருக்கிறது, வெளிச்சம் இலைகள் உணவு தயாரிக்கத் தொடங்கும்போதுதான் தேவைப்படுகிறது என்று அப்போது விளக்குங்கள். உலர்ந்த விதை அப்படியே இருக்கும். ஊகம் தவறியவர்களைக் கைதூக்கச் சொல்லி எண்ணாதீர்கள். "முன்பு இப்படி நினைத்தேன், இப்போது இப்படி நினைக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு நீண்ட குறிப்பு அனுப்ப வேண்டாம். "52-இலிருந்து 28 கழிப்பதை ஏதேனும் பொருட்களை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்" என்ற ஒரு வரி போதும்; வீட்டில் விளக்கிக் காட்டுவது இன்னொரு முறை நினைவிலிருந்து எடுப்பதாகும்.

வகுப்பு கலைந்த பின் கால்மணி நேரம் ஒதுக்கி, மூன்று கணக்குகளின் விடைத்தாள்களை மட்டும் பாருங்கள். யார் எந்தக் கணக்கில் எந்த வகையில் தவறினார் என்று பெயருக்கு எதிரே ஒரு சொல்லில் குறியுங்கள். பத்துப் பேருக்கு மேல் ஒரே வகைப் பிழை இருந்தால், அடுத்த திங்கள் முதல் பாடவேளை அதற்கே போகட்டும். இரண்டு மூன்று பேர் என்றால், புதன்கிழமைக் காலியிடத்தில் அவர்களுடைய பெயர்களை இப்போதே எழுதிவிடுங்கள். அடுத்த வாரத்தின் சோதிக்கும் கணக்கையும், அதற்கு வரக்கூடிய தவறான விடைகளோடு சேர்த்து, அதே பக்கத்தின் கீழே எழுதி முடித்த பின் குறிப்பேட்டை மூடலாம்.